காலர் மைக்கில் ராக் பாட்டு வராது

ஆசிரியர் அவர்களுக்கு,

பாம்பன், தனுஷ்கோடிப் பக்கம் கடல் வீடியோ போட்டுப் பெயர் வாங்கிய இளைஞர்கள் சிலர் இப்போது சொந்த ராக் பாட்டில் இறங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் பேச்சுக்கு வைத்திருக்கும் காலர் மைக்கை டிரம்ஸ் முன்னால் வைத்தால் ஒலி உடைந்துவிடும். அப்புறம் எந்த சாஃப்ட்வேரும் அதைத் தேற்றாது. ஸ்நேர் என்ற டிரம்முக்கு, பெருஞ்சத்தத்தைத் தாங்கும் டைனமிக் வகை மைக் ஒன்றை, விளிம்பிலிருந்து இரண்டு விரல் உயரத்தில் சாய்த்து வைக்கலாம். ஓங்கி அடித்தாலும் பதிவின் ஒலி அளவைக் காட்டும் மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டக் கூடாது. தாளத்தை டிக் டிக்கென்று காட்டும் மெட்ரோனோம் ஓட, முதலில் டிரம்ஸ், பிறகு பேஸ் கிட்டார், கிட்டார், கடைசியில் குரல் என்று பதியலாம்.

நம் கரையில் உப்புக்காற்றுதான் பெரிய தொல்லை. கிட்டாரின் எஃகுக் கம்பி துருவேறினால் சுருதி நிற்காது. வாசித்ததும் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்து உலர்ந்த துணியால் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு பெட்டியில் வையுங்கள். கண்டென்சர் என்ற நுட்பமான வகை மைக்கில் ஈரம் ஏறினால் கடுகு பொரிவதுபோல் சத்தம் கேட்கும்.

கிட்டார் ஆம்ப்ளிஃபயர் உறுமினால் முதலில் மின் இணைப்பின் எர்த்தைப் பாருங்கள். பழைய வீடுகளில் பிளக் பாயின்டில் எர்த்துக்கான மூன்றாவது துளைக்கு ஒயரே போயிருக்காது. கிட்டார் கம்பியில் கையும் மைக்கில் உதடும் பட்டால் ஷாக் அடிக்கும். இது விளையாட்டல்ல.

வீடியோவோடு சேர்க்கும் பாட்டை 48,000 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் எடுக்கும் அமைப்பில் பதியுங்கள். 44,100-இல் பதிந்ததை மாற்றாமல் 48,000-இல் ஓட்டினால் சுருதியும் வேகமும் ஏறிவிடும், உதடு பொருந்தாது.

இப்படிக்கு,
ஒலிப்பதிவாளர்கள் சிலர்,
மண்டபம், ராமநாதபுரம் மாவட்டம்