உயர்த்துங்கள், ஆனால் அடுத்து வருகிறவர்களுக்கு

உள்ளாட்சி மன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். அடுத்த கூட்டத்தில் உங்கள் மதிப்பூதியத்தை உயர்த்தும் தீர்மானம் வருகிறது. திட்டுவதற்காகத்தான் எழுதுகிறான் என்று இதை ஓரமாக வைத்துவிடாதீர்கள். தாராளமாக உயர்த்துங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: உயர்கிற தொகை அடுத்த தேர்தலுக்குப் பிறகு வருகிற மன்றத்துக்குப் போகட்டும். நீங்களே மறுபடி ஜெயித்து வந்தால் சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்?

போன கூட்டத்துக்குப் பார்வையாளராக வந்திருந்தேன். உங்களில் ஒருவர், தையல் வேலை செய்பவர், கூட்டம் நடந்த நேரம் முழுக்க அவர் மடியில் செல்போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. முடிந்ததும் மாடிப்படியில் நின்றபடியே தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை என்று வந்த ஒவ்வொரு அழைப்புக்கும் பதில் சொன்னார். குழுக் கூட்டங்களை எல்லாம் வேலைநாளில் காலை பதினொரு மணிக்கு வைக்கிறார்கள், வந்தால் அன்றைய தையல் கூலி போச்சு, அடுத்த முறை நிற்கப் போவதில்லை என்றார். அவர் இடத்துக்கு யார் வருவார்? சொத்து இருப்பவர் வருவார், ஓய்வூதியம் வாங்குபவர் வருவார், இல்லையென்றால் போட்ட காசை டெண்டரில் எடுக்கத் தெரிந்தவர் வருவார். பிரிட்டனில் 1838-லேயே சார்ட்டிஸ்டுகள் என்ற தொழிலாளர் இயக்கத்தினர் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குச் சம்பளம் வேண்டும் என்று கேட்டதற்குக் காரணம் இதுதான், உழைத்துச் சாப்பிடுகிறவனும் சபைக்குள் வரவேண்டும் என்பது. கிடைத்தது 1911-ல், வருடத்துக்கு 400 பவுண்டு.

சரி, அப்படியென்றால் ஏன் தடுக்கிறாய் என்று கேட்பீர்கள். கலிபோர்னியாவில் பெல் என்று ஒரு சின்ன ஏழை நகரம். 2005-ல் நகரத்துக்கென்று தனிச் சாசனம், அதாவது நகரமே தன் நிர்வாக விதிகளை வகுத்துக்கொள்ளும் ஆவணம், வேண்டுமா என்று ஒரு வாக்கெடுப்பு வைத்தார்கள், சில நூறு பேர்தான் ஓட்டுப் போட்டார்கள், அதோடு கவுன்சிலர் சம்பளத்துக்கு மாநிலச் சட்டம் வைத்திருந்த உச்சவரம்பு அந்த ஊருக்கு இல்லாமல் போனது. 2010-ல் விஷயம் வெளியே வந்தபோது பகுதிநேர கவுன்சிலர்கள் பெரும்பாலானோர் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அதில் சம்பளம் என்று இருந்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் பெயரளவுக்குக் கூடிய, சில சமயம் கூடவே கூடாத வாரியங்களில் உறுப்பினராக இருப்பதற்கான படி. பிறகு வழக்கு, தண்டனை எல்லாம் நடந்தது.

உங்களை அவர்களோடு சேர்த்துப் பேசவில்லை. ஆனால் உங்கள் தீர்மானத்தின் நகலிலும் மதிப்பூதியம் ஒரு வரியில் இருக்கிறது, அமர்வுப்படி வேறு பக்கத்தில், பயணப்படி இணைப்பில், தொலைபேசிப் படி இன்னொரு இணைப்பில். ஒரு உறுப்பினருக்கு ஆண்டுக்கு மொத்தம் எவ்வளவு என்று கூட்டிப் பார்க்க எனக்கு ஒரு மாலைப்பொழுது போனது, அதுவும் சரியா தெரியவில்லை. அந்த மொத்தத்தை நீங்களே முதல் பக்கத்தில் போட்டுவிடலாமே.

தனக்குத்தானே உடனே உயர்த்திக்கொள்ளக் கூடாது என்பது பழைய யோசனைதான். அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இந்த விதியை 1789-லேயே முன்மொழிந்தார்கள், 1992-ல்தான் அரசியலமைப்பின் 27-வது திருத்தமாக நிறைவேறியது. இடையில் தூங்கிக் கிடந்ததை 1982-ல் ஒரு கல்லூரி மாணவர் கட்டுரையாக எழுதினார், அதற்கு ‘சி’ கிரேடுதான் போட்டார்கள். கோபத்தில் மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதியே நிறைவேற வைத்துவிட்டார். தொகையை யார் சொல்வது என்பதற்கும் வழி இருக்கிறது. இங்கிலாந்தில் கவுன்சிலர் அல்லாத மூன்று பேராவது உள்ள தனிக் குழு பரிந்துரைத்த பிறகுதான் மன்றம் படிகளை முடிவு செய்யலாம். கடைசி ஓட்டு அங்கேயும் மன்றத்தினுடையதுதான், ஆனால் பரிந்துரையை மீறினால் அது ஊருக்கே தெரிந்துவிடும்.

அடுத்த மன்றம் வரைக்கும் அந்தத் தையல்காரம்மா என்ன செய்வார் என்று நீங்கள் கேட்டால் நியாயம்தான். குழுக் கூட்டத்தை மாலைக்கு மாற்றுங்கள், அதற்குக் காசே தேவையில்லை. கைக்காசு போட்டு அலைந்த செலவை ரசீது பார்த்து இந்த மாதமே திருப்பிக் கொடுங்கள், அதை யாரும் சம்பள உயர்வு என்று சொல்லமாட்டார்கள். அப்புறம் தீர்மானத்தின் கடைசி வரியில் ‘உடனடியாக அமலுக்கு வரும்’ என்று இருப்பதை அடித்துவிட்டு, ‘அடுத்த மன்றம் பதவியேற்கும் நாள் முதல்’ என்று எழுதுங்கள். அன்றைக்கும் பார்வையாளர் வரிசையில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
வரி கட்டுகிற ஒருவன்