பராமரிப்பு நிபந்தனை இல்லாத பத்திரங்கள்

ஆசிரியருக்கு,

பிள்ளைகளுக்குச் சொத்தை எழுதிக் கொடுத்துவிட்டு நிராதரவாக நிற்கும் முதியோருக்கு, 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆவது பிரிவே பெரிய துணை; கைவிடும் பிள்ளைகளுக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தை ரத்துசெய்ய அது வழி தருகிறது. ஆனால் பல மனுக்கள் தோற்பது பத்திரத்திலேயே. 'அன்பின் நிமித்தம்' என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். 'உணவு, இருப்பிடம், மருத்துவம் தந்து பராமரிக்க வேண்டும். தவறினால் பத்திரம் செல்லாது' என்ற நிபந்தனை இருப்பதில்லை. அந்த நிபந்தனை அவசியம் என உச்ச நீதிமன்றம் 2022-இல் கூறியது. அதே நீதிமன்றத்தின் 2025 ஜனவரித் தீர்ப்பு முதியோர் பக்கம் தாராளமாகச் சாய்ந்தது உண்மைதான்; ஆனால் அந்த வழக்கில் பராமரிப்பதாக மகன் தனியாக எழுதிக் கொடுத்த உறுதிமொழி இருந்தது. எழுத்தில் இருப்பதே பாதுகாப்பு. பத்திரப் பதிவின்போதே சார் பதிவாளர் இதைக் கேட்டு உறுதிசெய்ய மாநில அரசு விதி வகுக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் மாதப் பராமரிப்புத் தொகை கேட்கும் ஜீவனாம்ச மனுவை 90 நாளில் முடிக்க இதே சட்டம் சொல்கிறது. அந்தக் கணக்கு எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த நாளில்தான் தொடங்குகிறது. வாங்காமல் தட்டிக்கழித்தால் மாதக்கணக்கில் இழுக்கும். எனவே மகன், மகள் வேலை பார்க்கும் இடத்தின் முகவரியையும் கைபேசி எண்ணையும் கோட்டாட்சியரிடம் தரும் மனுவிலேயே குறிப்பிடுங்கள். இடைக்கால ஜீவனாம்சமும் கேளுங்கள்.

ஜீவனாம்சத்துக்கு உள்ள மாதம் 10,000 ரூபாய் உச்சவரம்பை நீக்க 2019-இல் வந்த திருத்த மசோதா நிறைவேறாமலே காலாவதியானது. இன்றைய மருந்துச் செலவுக்கு அந்தத் தொகை எப்படிப் போதும்? மசோதாவை மீண்டும் கொண்டுவர வேண்டும்.