கெண்டைக்கால் ஆறும்வரை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவு நீ போனை வைத்ததிலிருந்து என் மனம் உன் இடது காலையே சுற்றுகிறது. பேட்மிண்டனில் ஷட்டிலை எடுக்கப் பாய்ந்தபோது பின்னாலிருந்து யாரோ கல்லால் அடித்ததுபோல இருந்தது, திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை என்றாய். 41 வயதில், ஆசிரியர்களுக்கான வாலிபால் போட்டியில் விழுந்துவிட்டு நானும் இதையேதான் சொன்னேன். முழங்கால் நிமிர்ந்திருக்கும்போது சட்டென்று உந்தினால் கெண்டைக்கால் தசை, பெரும்பாலும் அதன் உட்பக்கம், கிழிந்துவிடுகிறது.

வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் போட்டு உருவச் சொன்னாள் அம்மா. அவள் பதற்றம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். எனக்கு மறுநாளே ஒருவர் வந்து அழுத்தி உருவினார். கிழிந்த இடத்தில் இரத்தம் கசிந்துகொண்டிருக்கும்போது சூடும் அழுத்தமும் கசிவைக் கூட்டும். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால், கெண்டையிலிருந்து கணுக்கால்வரை நாவல்பழ நிறம். உனக்கும் கருநீலம் கீழே இறங்கலாம், பயப்படாதே. கசிந்த இரத்தம் தாழ்வான பக்கம் இறங்கி, பச்சையாகி, மஞ்சளாகி மறைந்துவிடும்.

இந்த இரண்டு மூன்று நாள் ஐஸைத் துண்டில் சுற்றி, ஒரு தடவைக்கு 15 நிமிடம் வை. கிரேப் பேண்டேஜை விரல்கள் மரத்துப்போகாத அளவுக்குச் சுற்று. படுக்கும்போது காலுக்கு அடியில் இரண்டு தலையணை.

நாளைக்கே எலும்பு மருத்துவரிடம் போ. குப்புறப் படுக்கவைத்துக் கெண்டையை அழுத்திப் பார்ப்பார். பாதம் அசையாவிட்டால் குதிகால் தசைநாரே அறுந்திருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு. வீக்கம் வடியாமல் கூடிக்கொண்டே போய், கால் சூடாகிச் சிவந்தால் இரத்தம் உறைந்திருக்கலாம், அன்றே காட்டிவிடு. மூச்சுத் திணறினாலோ நெஞ்சு வலித்தாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் அவசர சிகிச்சைக்குப் போய்விடு.

இனி நான் சொல்வதுதான் எனக்கு முக்கியம். மூன்றாவது வாரம் எனக்கு நடக்கும்போது வலியே இல்லை. ஆறிவிட்டது என்று நம்பி மைதானத்தில் இறங்கினேன். பத்து நிமிடத்தில் அதே இடம் மறுபடியும் கிழிந்தது. லேசான கிழிசல் மூன்று வாரத்துக்குள் ஆறும், நடுத்தரமானது ஒன்றிரண்டு மாதம் இழுக்கும். எனக்கு அவசரத்தால் நான்கு மாதம் ஆனது. நடையில் வலி நின்ற பிறகும் தசைக்கு உந்தும் பலம் திரும்பியிருக்காது.

அதை நீயே அளந்து பார்க்கலாம். மருத்துவர் சரி என்ற பிறகு, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு இரு கால்களின் முன்பாதத்தில் மெதுவாக எழும்பி இறங்கு. வலி இல்லாவிட்டால் அடுத்த வாரம் ஒற்றைக் காலில் செய். முழங்காலைச் சற்று மடக்கியும் செய், கெண்டையில் அடியில் இருக்கும் தசைக்கு அதுதான் வேலை. வலது காலில் 25 முறை முடிகிறதென்றால் இடது காலிலும் 25 முடிய வேண்டும். அதன் பிறகு மெதுவோட்டம். ராக்கெட்டை எடுப்பது கடைசியில்தான்.

உன் வீடு மூன்றாவது மாடியில் இருப்பதுதான் எனக்குக் கவலை. ஏறும்போது நல்ல காலை முதலில் வை, இறங்கும்போது வலிக்கும் காலை. கைப்பிடியை விடாதே. வெள்ளிக்கிழமை ரயிலில் அம்மாவும் நானும் வருகிறோம். அதுவரை தண்ணீர்க் கேன் தூக்காதே, பக்கத்து வீட்டில் சொல்லி வை.

மருத்துவர் என்ன சொன்னார் என்று நாளை இரவே எழுது.

அன்புடன்,
அப்பா