வாய்க்காலுக்கும் ஏ, பி, சி, டி உண்டு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். உன் அம்மாவின் முட்டிவலி முன்னைக்கு இப்போது தேவலாம். மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. நம் வாய்க்காலுக்கு இன்னும் முறை வரவில்லை.

போனில் நீ சொன்னதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பேசினால் பாதியிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று முடித்துவிடுவாய், அதனால்தான் கடிதம். அங்கே அமெரிக்காவில் நீ விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் மாணவன், வானத்தை ஏ, பி, சி, டி என்று பிரித்து வைத்திருக்கும் வான்வெளி வகுப்புகளைக் கடகடவென்று ஒப்பிக்கிறான், ஆனால் வரைபடத்தில் ஓரிடத்தில் விரலை வைத்து "இங்கே 3,000 அடியில் போகிறாய், யாரிடம் பேச வேண்டும்?" என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கிறான் என்றாய். நீ அனுப்பிய பயிற்றுநர் கையேட்டிலேயே இதற்கு இடம் இருக்கிறதே. மனப்பாடம், புரிதல், செய்து காட்டுதல், ஒன்றோடொன்றைத் தொடர்புபடுத்துதல் என்று கற்பதில் நாலு படி சொல்கிறார்கள். பையன் முதல் படியில் நிற்கிறான், அவ்வளவுதான். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்க வருகிறவருக்கு, கற்றுக்கொடுப்பது எப்படி என்றே தனியாக ஓர் எழுத்துத் தேர்வு வைத்திருக்கிறார்கள் பார், அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நம்மூரில் நிறையப் பேருக்கு அதை வைக்கலாம்.

நான் வாய்க்கால் மடைகளைத் திறந்து மூடுகிற லஸ்கராக இருந்தபோது புதிதாக வேலைக்கு வருகிற பையன்களும் இப்படித்தான். நம் வாய்க்கால்களுக்கும் ஏ, பி, சி, டி உண்டு என்பது உனக்குத் தெரியும். ஆற்றிலிருந்து நேரே பிரிவது ஏ வாய்க்கால், அதிலிருந்து பிரிவது பி, அதிலிருந்து சி, அப்புறம் டி. பதிவேட்டைப் பார்த்து எந்த வாய்க்கால் எந்த வகுப்பு என்று இரண்டே நாளில் சொல்லிவிடுவார்கள். தலைமடையில் ஷட்டரை ஒரு சாண் தூக்கினால் கடைமடைக்குத் தண்ணீர் எப்போது போய்ச் சேரும் என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டார்கள். பதிவேட்டை வாங்கி வைத்துவிட்டுக் கரையோடு நடக்க வைப்பேன். மூணாறு தலைப்பில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிற இடத்தில் நிறுத்தி, "கோரையாற்றில் குறைத்தால் பாமணியாற்றில் என்ன ஆகும்?" என்று கேட்பேன். அங்கே நின்று பதில் சொன்னவனுக்குப் பதிவேடு பிறகு தானாக விளங்கும்.

ஆனால் இந்த ஒப்பீட்டை அப்படியே உன் வகுப்பில் வைத்துவிடாதே. வாய்க்காலின் எழுத்து பிறப்பை வைத்து வருவது, எதிலிருந்து எது பிரிந்தது என்று. வான்வெளியின் எழுத்தோ, கட்டுப்பாட்டு அறை யாரை யாரிடமிருந்து விலக்கி வைக்கப் பொறுப்பேற்கிறது என்பதை வைத்து வருவது. அதோடு இங்கே எல்லாம் தரையில் ஓடுகிறது, அங்கே ஒன்றின் தலைமேல் ஒன்று இருக்கிறது. அரிசோனாவில் நீ இருக்கும் மெசா விமான நிலையத்தையே எடுத்துக்கொள். கீழே டி, அதற்கு மேலே பீனிக்ஸ் பெரிய விமான நிலையத்தின் பி நீட்டிக்கொண்டிருக்கிறது, அதையும் தாண்டிப் போனால் 'இ', 18,000 அடியில் ஏ. ஒரே இடத்தில் நிற்கிறவனுக்குத் தலைக்கு மேல் நாலு சட்டம். அட்டவணையை மேலிருந்து கீழாகப் படித்தவனுக்கு இது எப்படிப் புரியும்?

அதனால் நான் சொல்வது, எழுத்துகளைக் கடைசியில் சொல்லிக்கொடு. இது ஏதோ கிழவன் சொல்கிற புதுமை இல்லை. அமெரிக்கா இந்த எழுத்துகளுக்கு மாறியதே 1993 செப்டம்பர் 16 அன்றுதான் என்று நீதானே சொன்னாய். அதற்கு முன்பு அதே வானம் வேறு பெயர்களோடு இருந்தது, அதிலும் ஆட்கள் பத்திரமாகப் பறந்தார்கள். உலக நாடுகளின் விமானப் போக்குவரத்து அமைப்பு ஏ முதல் ஜி வரை ஏழு வகை வகுத்துக் கொடுத்திருக்கிறது, வேண்டியதை அந்தந்த நாடு எடுத்துக்கொள்கிறது. உங்கள் ஊரில் எஃப் கிடையாது. அப்படியிருக்க, எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கி என்ன பயன்?

முதலில் அந்தப் பையனிடம் மேகத்தைப் பற்றிக் கேள். கண்ணால் பார்த்துப் பறக்கிறவன் மேகத்தைவிட்டு 500 அடி கீழே, 1,000 அடி மேலே, பக்கவாட்டில் 2,000 அடி தள்ளிப் போக வேண்டும், 3 மைல் தூரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் விதி. ஏன்? மேகத்துக்குள்ளிருந்து, கருவிகளை மட்டும் நம்பி வருகிற ஒரு விமானம் திடீரென்று வெளியே வரலாம். பார்த்து விலக இருவருக்கும் நேரம் வேண்டும். சரி, 10,000 அடிக்கு மேலே போனால் 5 மைல் தெரிய வேண்டும், பக்கவாட்டில் 1 மைல் தள்ளிப் போக வேண்டும் என்று ஏன் கூடுகிறது? கீழே 250 நாட் வேகம்தான் உச்சம், மேலே அந்தக் கட்டு இல்லை. வேகம் கூடினால் தூரமும் கூடத்தானே வேண்டும். இதைப் புரிந்துகொண்டவன் எண்ணை மறந்தாலும் திரும்பக் கண்டுபிடித்துவிடுவான்.

அப்புறம் பி-யைக் கேள். எனக்கே இதில்தான் முதலில் குழப்பம். நெரிசல் அதிகமான இடம் பி. அங்கே போய், மேகத்துக்குள் நுழையாமல் இருந்தால் போதும், இவ்வளவு அடி தள்ளிப் போ என்று கணக்கில்லை என்கிறார்களே, இது தலைகீழாக இல்லையா? நீ விளக்கிய பிறகுதான் தெளிந்தது. அங்கே ஒவ்வொரு விமானத்தையும் மற்ற எல்லாவற்றிலிருந்தும் கட்டுப்பாட்டு அறையே விலக்கி வைக்கிறது. காவல் அதிகம் என்பதால் விமானிக்கு விதி லேசு. இந்த ஒரு கேள்விக்குச் சொந்த வார்த்தையில் பதில் சொல்லிவிட்டான் என்றால், பையன் முதல் படியைத் தாண்டிவிட்டான் என்று நான் எழுதித் தருகிறேன்.

அனுமதி விஷயத்தையும் அட்டவணையாகச் சொல்லாமல் ரேடியோவில் பேசுவது போல நடித்துக் காட்டு. சி-யிலும் டி-யிலும், உன் விமானத்தின் அழைப்புக் குறியைச் சொல்லி "காத்திரு" என்றாலே தொடர்பு கிடைத்ததாகக் கணக்கு, உள்ளே போகலாம். குறியைச் சொல்லாமல் யாரையோ "காத்திரு" என்றால் அது உனக்கு இல்லை. பி-யில் இது எதுவும் செல்லாது. உள்ளே வா என்று அவர்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீ கட்டுப்பாட்டாளராக உட்கார்ந்து வேண்டுமென்றே அரைகுறையாகப் பதில் சொல். அவன் நுழைகிறானா, வெளியிலேயே வட்டமடிக்கிறானா பார். டூசான் பக்கம் சி இருக்கிறதல்லவா, அங்கே போகிற பாதையைக் கொடுத்தால் எல்லாம் ஒரே பயணத்தில் வந்துவிடும்.

'இ' எங்கே தொடங்குகிறது என்பது பையன்கள் எல்லோருக்கும் தகராறு என்கிறாய். தரைக்கு மேல் 1,200 அடியில் இருக்கிற அதன் அடிமட்டம் சில விமான நிலையங்களைச் சுற்றி 700 அடிக்கு இறங்குவது, அங்கே கருவி வழியாக இறங்குகிற விமானங்கள் அவ்வளவு தாழ வருவதால். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது, நீ பார்த்துக்கொள்.

முதலில் மண்டையில் ஏறியது லேசில் போகாது என்று அந்தக் கையேட்டில் ஒரு விதி போட்டிருக்கிறார்களே, அதை மட்டும் யோசி. அந்தப் பையனுக்கு முதலில் ஏறியது வேறு யாரோ கொடுத்த அட்டவணை. அதைக் கழற்ற நாளாகும். கோபப்படாதே. நீ கோபப்பட்டால் குரல் அப்படியே உன் அம்மா மாதிரி ஆகிவிடுகிறது, யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இந்த வரியை அவளுக்குப் படித்துக் காட்டாதே.

தஞ்சாவூர் விமானப்படைத் தளத்துச் சுகோய் இந்தப் பக்கம் போகும்போதெல்லாம் மாடு கயிற்றை அறுக்கப் பார்க்கிறது. முன்பெல்லாம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வேலையைப் பார்ப்பேன். இப்போது இவன் எந்த உயரத்தில் போகிறான், யாரிடம் பேசிக்கொண்டு போகிறான் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன். எல்லாம் உன்னால்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். அரிசி வடகமும் மோர் மிளகாயும் ஊருக்கு வந்திருக்கும் பக்கத்துத் தெருப் பையனிடம் கொடுத்தனுப்புகிறோம், அவன் அடுத்த மாதம் அங்கே திரும்புகிறான். பழைய வரைபடம் ஏதாவது தேதி முடிந்து கிடந்தால் தூக்கிப் போடாமல் எனக்கு எடுத்து வை. பையனிடம் பி-யைப் பற்றிக் கேட்டாயா, என்ன சொன்னான் என்று எழுது.

அன்புடன்,
அப்பா