எட்டுப் பள்ளிகளின் வெள்ளிக்கிழமை

இல்லினாய்,
8 டிசம்பர் 2024

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே உன் நலமும் மாப்பிள்ளையின் நலமும் அறிய ஆவல்.

போன வாரம் தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். நீ பள்ளியை முடித்து ஐந்து வருடம் ஆகிவிட்டது, முழங்கால் வலியோடு இந்தக் குளிரில் அலுமினியப் பலகையில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து யார் வீட்டுப் பிள்ளைகள் ஆடுவதையோ பார்க்க அப்பாவுக்கு என்ன தலையெழுத்து என்று கேட்டாய். அம்மா தூண்டிவிட்டுத்தான் கேட்டாய் என்பது எனக்குத் தெரியும். அப்போது சிரித்து மழுப்பிவிட்டேன். சீசன் முடிந்துவிட்டதால் வெள்ளிக்கிழமை இரவுகள் இப்போது எனக்கு ஓய்வாக இருக்கின்றன. ஆகவே ஒழுங்காக உட்கார்ந்து பதில் எழுதுகிறேன்.

முதலில் நான் உன் பள்ளி மைதானத்துக்கு ஃபுட்பால், அதாவது பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு மோதி முன்னேறும் அமெரிக்க ஃபுட்பால், பார்க்கவே வரவில்லை என்பதை நீ அறிவாய். உன் மரிம்பாவை, குச்சியால் தட்டி வாசிக்கும் அந்தப் பெரிய மரக்கட்டை வாத்தியத்தை, தள்ளத்தான் வந்தேன். ஆட்டத்தின் இடைவேளையில் மைதானத்தில் அணிவகுத்து வாசிக்கும் மார்ச்சிங் பேண்டில் மற்றப் பிள்ளைகள் தங்கள் வாத்தியங்களைத் தாங்களே தூக்கிக்கொண்டு நடந்தார்கள். உன் வாத்தியத்துக்கு மட்டும் நான்கு சக்கரமும் அதைத் தள்ள இரண்டு அப்பாக்களும் தேவைப்பட்டார்கள். மழை பெய்த ஓர் இரவில் ஓடுதளத்துக்கும் புல்லுக்கும் நடுவே இருந்த சேற்றில் முன்சக்கரம் புதைந்துபோக, இடைவேளை நேரம் ஓடிக்கொண்டிருக்க, நானும் இன்னொரு பையனின் தந்தையும் முட்டிவரை சேறாகி அதைத் தூக்கி வைத்தது உனக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் இடைவேளைக்கு முன்னும் பின்னும் நடந்த ஆட்டம் எனக்கு வெறும் மோதலாகவும் விசில் சத்தமாகவுமே இருந்தது.

அதைப் புரிய வைத்தது ஒரு சங்கிலி. ஆட்டக்காரர்கள் முன்னேறியது பத்துக் கஜமா இல்லையா என்று சந்தேகம் வந்தவுடன், கோட்டருகே நிற்கும் ஆட்கள் இரண்டு கம்புகளுக்கிடையே கட்டிய சங்கிலியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குள் வந்தார்கள். அதை இழுத்துப் பிடித்தார்கள். நடுவர் குனிந்து பந்தின் மூக்குக்கும் கம்புக்கும் இடையே உள்ள விரற்கடை தூரத்தை உற்றுப் பார்த்தார். மூவாயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். உன் தாத்தா நில அளவைத் துறையில் செயின்மேனாக இருந்தவர். அவர் இழுத்த பழைய சங்கிலி 66 அடி. இது 30 அடி. அந்தக் கணத்தில் இது பந்தாட்டம் அல்ல, நில அளவை என்று எனக்குப் புரிந்தது. நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கஜம் நிலத்தைப் பிடித்தால் அடுத்த நான்கு முயற்சிகள் கிடைக்கும். பிடிக்காவிட்டால் நிலம் எதிராளிக்குப் போகும். வரப்புத் தகராறு பார்த்து வளர்ந்தவனுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஒரு பள்ளியின் ஆட்டத்தைப் புரிந்துகொள்வது ஒன்று, ஒரு கான்ஃபரன்ஸை, அதாவது ஆண்டுதோறும் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் பள்ளிகளின் கூட்டத்தை, பின்தொடர்வது இன்னொன்று. உன் கடைசி ஆண்டில், 2018-இல், டூகேன் கான்ஃபரன்ஸ் பிறந்தது. டூபேஜ், கேன் என்ற இரண்டு மாவட்டங்களின் பெயர்களை ஒட்டவைத்து வைத்த பெயர் அது. ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் அடுத்தடுத்து இருக்கும் ஊர்களிலிருந்து செயின்ட் சார்லஸ் நார்த், செயின்ட் சார்லஸ் ஈஸ்ட், ஜெனீவா, பட்டேவியா என நான்கு பள்ளிகள். கிழக்கே டூபேஜ் பக்கத்திலிருந்து வீட்டன் நார்த், வீட்டன் வாரன்வில் சவுத், க்ளென்பார்ட் நார்த், லேக் பார்க் என நான்கு பள்ளிகள். ஆகஸ்ட் பிற்பகுதியில் தொடங்கி அக்டோபர் பிற்பகுதிவரை வெள்ளிக்கிழமைகளில் ஒன்பது ஆட்டங்கள்: முதல் இரண்டு வெளிப் பள்ளிகளோடு, பிறகு ஏழு வாரம் நமக்குள்ளேயே. உள்ளூர்க்காரர்கள் ஆற்றுப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் ஒன்றாகக் கட்டியது சரிவருமா என்று ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். சம்பந்தி வீடு பழக ஒரு தீபாவளியாவது ஆக வேண்டாமா?

அந்த ஆண்டு நம் பள்ளி ஐந்தில் வென்று நான்கில் தோற்றது. அதுதான் என்னை இதில் மாட்டிவிட்டது. சீசன் முடிந்தபின் நடக்கும் மாநிலப் பிளேஆஃபில், அதாவது தோற்றவர் வெளியேறும் சுற்றுகளில், அப்போது 256 பள்ளிகளுக்கு இடம் இருந்தது. ஆறு வெற்றி பெற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போனார்கள். ஐந்து வெற்றிக்காரர்கள் மட்டும் மிச்ச இடங்களுக்காகப் புள்ளிக் கணக்கில் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அந்தப் புள்ளி எப்படி வருகிறது என்று நீ சமையலறை மேசையில் எனக்கு விளக்கினாய். நம்மோடு ஆடிய ஒன்பது பள்ளிகளும் மொத்தம் எத்தனை வெற்றி பெற்றனவோ அதுவே நம் புள்ளி. நாம் அவர்களை வென்றோமா, அவர்களிடம் உதை வாங்கினோமா என்பது அதில் வராது. ஆகஸ்டில் நம்மை மண்ணைக் கவ்வ வைத்த வெளிப் பள்ளி அதற்குப் பிறகு வென்ற ஒவ்வோர் ஆட்டமும் நமக்கு ஒரு புள்ளி. அந்த ஊர் எங்கிருக்கிறது என்றுகூடத் தெரியாத நான், அந்தப் பள்ளி ஜெயிக்க வேண்டும் என்று அக்டோபர் முழுவதும் வேண்டிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாவது வாரம் நம் ஆட்டம் முடிந்த பிறகும் நான் காரிலேயே உட்கார்ந்து, நம் கான்ஃபரன்ஸில் இன்னும் நடந்துகொண்டிருந்த வேறோர் ஆட்டத்தில் ஒரு பள்ளி வெல்ல வேண்டும் என்று கைபேசியைப் பார்த்துத் தவித்துக்கொண்டிருந்தேன். பின் இருக்கையில் நீ தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னாய்: "அப்பா, அந்த ரெண்டு பேர்கூடவும் நாம ஆடியாச்சு. யார் ஜெயிச்சாலும் நமக்கு ஒரே ஒரு புள்ளிதான்." நான் சற்று நேரம் பேசவில்லை. ஏழு வாரம், வாரத்துக்கு நான்கு ஆட்டம், ஆக உள்ளுக்குள் 28 வெற்றிகள். யார் யாரை அடித்தாலும் அந்த 28 மாறப்போவதில்லை. நமக்குள் நடக்கும் சண்டையால் கான்ஃபரன்ஸுக்குள் ஒரு வெற்றிகூடக் கூடுதலாக வராது. புது வெற்றி வருவதற்கு வழி முதல் இரண்டு வாரங்களில் வெளிப் பள்ளிகளோடு ஆடும் ஆட்டங்கள் மட்டுமே. நான் ஏழு வாரம் பிரார்த்தனையைத் தப்பான இடத்தில் செலவழித்திருக்கிறேன்.

மறுநாள் சனிக்கிழமை இரவு பட்டியல் வந்தபோது நம் பள்ளியின் பெயர் இருந்ததும், அம்மா அவசரமாகக் கேசரி கிளறியதும், முதல் சுற்றிலேயே வெளியூரில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்ததும் உனக்குத் தெரிந்தவையே. எனக்கு அவற்றைவிட உன் கணக்குதான் மனத்தில் நின்றது. அடுத்த ஆண்டு நீ கல்லூரிக்குப் போய்விட்டாய். நான் ஆகஸ்ட் மாதத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கி எட்டுப் பள்ளிகளின் பெயரையும் எழுதினேன். அன்றிலிருந்து முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகள் எட்டுப் பள்ளிகளும் எனக்கு ஒரே கட்சி. மூன்றாவது வாரம் முதல் நம் பள்ளியைத் தவிர மற்ற ஏழும் பங்காளிகள். பிளேஆஃப் வந்துவிட்டால் மறுபடியும் ஒரே கட்சி. பங்காளி என்பதற்கு இதைவிடச் சரியான விளக்கத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

இந்தக் கான்ஃபரன்ஸே இல்லாமல் போகப் பார்த்தது என்பது உனக்குத் தெரியாமல் இருக்கலாம். ஐந்து வெற்றிக்காகப் பள்ளிகள் கடினமான கான்ஃபரன்ஸை விட்டு எளிய கான்ஃபரன்ஸுக்குத் தாவிக்கொண்டே இருந்ததால், 2021 முதல் ஃபுட்பாலுக்குக் கான்ஃபரன்ஸ் முறையையே எடுத்துவிட்டு, மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கமே பள்ளிகளை மாணவர் எண்ணிக்கைப்படியும் இருப்பிடப்படியும் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவிலும் முதல் நான்கு பள்ளிகளைப் பிளேஆஃபுக்கு அனுப்புவது என்று 2018 டிசம்பரில் உறுப்பினர் பள்ளிகள் வாக்களித்தன. அது நடைமுறைக்கு வருவதற்கு முன்பே 2019 டிசம்பரில் இன்னொரு வாக்கெடுப்பு நடத்தி அதை ரத்தும் செய்தார்கள். புள்ளிக் கணக்கைத் தூக்கிப் போடுவது நியாயமாகவே இருந்திருக்கலாம். என் நோட்டுப் புத்தகம் பிழைத்தது என்பதில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியில் நியாயம் எதுவும் இல்லை.

கொரோனாவால் 2020-இன் சீசன் 2021 வசந்தத்துக்குத் தள்ளிப்போனது. ஆட்டங்கள் குறைவு, பிளேஆஃப் கிடையாது. ஆடும் பிள்ளைகளின் வீட்டாருக்கே அனுமதி என்றதால் நான் வேலிக்கு வெளியே காரை நிறுத்திக்கொண்டு ஒலிபெருக்கியில் வந்ததை மட்டும் கேட்டேன். பேண்ட் இல்லாத மைதானம் எவ்வளவு வெறுமையானது என்று அப்போதுதான் தெரிந்தது. அதே 2021-இன் நவம்பரில் வீட்டன் நார்த் மாநிலத்தின் ஏழாம் பிரிவில் வென்றது. டிகால்ப் என்னும் ஊரில் நடந்த இறுதி ஆட்டத்தில் செயின்ட் ரீட்டா பள்ளியை 35-6 என்று தோற்கடித்தார்கள். நம் பள்ளியை அவர்கள் பலமுறை நொறுக்கியிருக்கிறார்கள். ஆனாலும் அன்று வீட்டில் தனியாக எழுந்து நின்று கை தட்டினேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

வீட்டன் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். வாரன்வில் சவுத்தின் மைதானத்துக்கு ரெட் கிரேஞ்ச் பெயர் வைத்திருக்கிறார்கள் அல்லவா, அவர் அந்த ஊரில் வீடு வீடாக ஐஸ் கட்டி சுமந்து கொடுத்த பையன். பிறகு 1924-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்துக்காக மிச்சிகனுக்கு எதிரே முதல் பன்னிரண்டு நிமிடத்தில் நான்கு டச் டவுன் போட்டார், அதாவது நான்கு முறை பந்தை எதிராளியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனார். நூறு வருடம் ஆகிவிட்டது. நீ அந்த மைதானத்தில் வாசித்த இரவில் அந்தப் பெயர்ப்பலகைக்குக் கீழேதான் நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன். யார் இவர் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

இந்த ஆண்டுக்கு வருகிறேன். தகுதி பெற்ற 256 பள்ளிகளையும் மாணவர் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி, 32 பள்ளிகள் கொண்ட எட்டுப் பிரிவுகளாக வெட்டினார்கள் அல்லவா? ஒன்பதாம் வாரம் முடியும்வரை எந்தப் பள்ளிக்கும் தான் எந்தப் பிரிவு என்று உறுதியாகத் தெரியவில்லை. அந்த வெட்டில் ஜெனீவா ஆறாம் பிரிவிலும் பட்டேவியா ஏழாம் பிரிவிலும் விழுந்தன. அதாவது ஒருவரையொருவர் மறுபடி சந்திக்க வேண்டிய தேவையில்லை. இருவரும் நான்கு சுற்றுகளைத் தாண்டி, நவம்பர் 30-ஆம் தேதி, நார்மல் என்னும் ஊரில், ஹான்காக் ஸ்டேடியத்தில், ஒருவர் பின் ஒருவராக இறுதி ஆட்டத்தில் இறங்கினார்கள். ஆற்றங்கரையில் ஒட்டிக்கிடக்கும் இரண்டு ஊர்கள், ஒரே நாள், ஒரே புல்தரை. நன்றி தெரிவிக்கும் நாள் விருந்தின் மிச்சத்தைக்கூடச் சாப்பிடாமல் நான் காரை எடுத்துக்கொண்டு போனதற்கு இதுதான் காரணம். அம்மா உன்னிடம் புகார் சொன்னதும் அந்தப் பயணத்தைப் பற்றித்தான்.

அங்கே என் பக்கத்தில் ஒரு பெரியவர், பட்டேவியாவின் சிவப்புக் கம்பளித் தொப்பி, மடியில் சூடான சாக்லேட் கோப்பை. பட்டேவியா ஆடப்போவது நாலு மணிக்கு. ஒரு மணிக்கே வந்து உட்கார்ந்திருந்தார். ஜெனீவா முதல் டச் டவுன் போட்டபோது அவர் கை தானாக உயர்ந்தது. பாதியில் நிறுத்தி, கோப்பையைச் சரிசெய்வதுபோல் இறக்கிக்கொண்டார். இரண்டாவது டச் டவுனுக்கு எழுந்தே விட்டார். என்னைப் பார்த்து, "இன்றைக்கு மட்டும்" என்றார். நான் கோட்டுப் பைக்குள்ளிருந்து நோட்டுப் புத்தகத்தை எடுத்து எட்டுப் பெயர்களும் இருக்கும் பக்கத்தைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் படித்தார். பட்டேவியாவின் ஒரு வெளி ஆட்டத்தில் நான் எண்ணை மாற்றி எழுதியிருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தச் சொன்னார்.

இரண்டு பள்ளிகளும் தோற்றன. ஜெனீவாவை ஈஸ்ட் செயின்ட் லூயிஸ் வென்றது, பட்டேவியாவை மவுண்ட் கார்மல் வென்றது. மவுண்ட் கார்மல் போன்ற தனியார் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கையை 1.65-ஆல் பெருக்கித்தான் பிரிவில் சேர்க்கிறார்கள். அந்தப் பெருக்கல் போதுமா என்று பெரியவர் வெகுநேரம் வாதாடினார். தோற்றுப்போன இரவில் கணக்குப் பேசுவது எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான். திரும்பி வரும் வழியில் சாலையெங்கும் இரண்டு ஊர்க் கார்களும் கலந்தே வந்தன. கண்ணாடியில் வெள்ளைச் சாயத்தால் எழுதிய பெயர்கள் பனியில் வழிந்து, எது எந்த ஊர் என்று படிக்க முடியவில்லை.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வரும்போது விமானம் எத்தனை மணிக்கு இறங்கும் என்று மாப்பிள்ளையை எழுதச் சொல். முழங்காலுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த உறையைப் போட்டுக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் நீயே சொல்லிவிடு. காரின் பின்பெட்டியில், உதிரிச் சக்கரத்துக்கு அடியில், உன் மரிம்பாக் குச்சி ஒன்று கிடைத்தது. தலையில் சுற்றிய நீல நூல் பிரிந்திருக்கிறது. அதன் ஜோடி உன்னிடம் இருக்கிறதா என்று பார்.

அன்புடன்,
அப்பா