ஊர் பெயர் இல்லாத சிலைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த மெக்சிகோ சிற்பங்கள் பற்றிய கட்டுரையில், பச்சைக்கல்லில் செதுக்கிய மனித உருவம் ஒன்றின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, அடியில் ‘பண்டைய மாயன் பொம்மை’ என்று மட்டும் குறித்திருந்தீர்கள். நீண்டு உயர்ந்த தலையையும் இரு முனைகளும் கீழிறங்கிய வாயையும் பார்த்தால், மாயன் நாகரிகத்துக்கும் முந்திச் செழித்த ஓல்மெக் மக்களின் வேலைப்பாடாகவே தோன்றுகிறது. அந்தப் பிழைகூடப் பெரிதில்லை. அது எந்த மண்ணிலிருந்து, எவற்றோடு சேர்ந்து கிடைத்தது என்று ஒரு சொல்லும் இல்லாததுதான் உறுத்துகிறது.

மெக்சிகோவின் டபாஸ்கோ மாநிலத்தில், ஓல்மெக் மக்களின் பழைய ஊரான லா வென்டாவில் 1955ஆம் ஆண்டு நடந்த அகழாய்வில், இன்று ‘நான்காம் காணிக்கை’ எனப்படும் தொகுதி, 16 மனித உருவங்களும் 6 கற்கோடரிகளுமாக, வைத்தவர்கள் வைத்த நிலையிலேயே வெளிப்பட்டது. ஒரு சாண் உயரம்கூட இல்லாத உருவங்கள் அவை. ஜேட், செர்பென்டைன் என்னும் பச்சைநிறக் கற்களில் மற்றவை மழமழவென்று இழைக்கப்பட்டிருக்க, ஒன்று மட்டும் சொரசொரப்பான மட்டமான கல்லில் ஆனது. செங்குத்தாக நட்ட கோடரிகளுக்கு முதுகைக் காட்டி அது நிற்க, மற்றவை அதைச் சுற்றிக் கூடியிருக்கின்றன. பதவியேற்போ விசாரணையோ, ஏதோ ஒரு கூட்டம் நடக்கிறது என்பது பார்த்த மாத்திரத்தில் விளங்கும். அந்தச் சொரசொரப்பான உருவத்தைத் தனியே எடுத்து வைத்தால், பழம்பொருள் சந்தையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

இன்னும் வியப்பானது, புதைத்த பிறகு நடந்தது. குழியை மூடி மேலே வண்ண மண்தளங்கள் போட்ட பின், ஓல்மெக் மக்களே அத்தளங்களைத் துளைத்து, சிலைகளின் தலை தெரியும் அளவுக்கு மட்டும் நேர் கீழே தோண்டிப் பார்த்துவிட்டு, எதையும் எடுக்காமல் மறுபடி மூடியிருக்கிறார்கள். புதைத்த இடத்தை அவர்கள் துல்லியமாக நினைவில் வைத்திருந்தார்கள் என்பது, மண்ணடுக்குகளைக் கவனித்துத் தோண்டியதால்தான் நமக்குத் தெரிய வந்தது.

மெக்சிகோவின் குரெரோ மாநிலத்தில் கிடைக்கும், மெஸ்காலா எனப்படும் பழங்காலக் கல் உருவங்களுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. கோடரியைப் போலவே நான்கைந்து வெட்டில் கை, கால், முகம் காட்டும் அந்த அழகான கற்களில் பெரும்பாலானவை திருட்டுத்தனமாகத் தோண்டி விற்கப்பட்டவை என்பதால், காலத்தை உறுதி செய்வதே கடினம், போலிகளும் ஏராளம். மெக்சிகோ நகரின் பெருங்கோயிலில் பிற்கால அஸ்டெக் மக்கள் காணிக்கையாகப் புதைத்த மெஸ்காலா உருவங்கள், முறையான அகழாய்வில் கிடைத்ததால் இந்தக் கதியிலிருந்து தப்பின.

எனவே, இனி இத்தகைய படங்களின் கீழ் கிடைத்த இடத்தையும் ஆண்டையும் தவறாமல் அச்சிடுமாறும், கிடைத்த விவரம் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன். நான்காம் காணிக்கை முழுவதும், நின்ற வரிசை மாறாமல், மெக்சிகோவின் தேசிய மானிடவியல் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருக்கிறது. அடுத்த இதழில் அந்தப் படத்தை வெளியிடலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி