தேங்க்ஸ் சொல்லக்கூடாதாம்

பாப்பா,

அக்கிக்கு மந்திரிக்கப் போனேன்னதும் "நர்ஸா இருந்துக்கிட்டு நீயே இப்படியாம்மா"ன்னு போன்ல சிரிச்சல்ல, அதான் உக்காந்து எழுதுறேன்.

இடுப்புல அக்கி போட்ட அன்னைக்கே டாக்டர பாத்து மாத்திரை ஆரம்பிச்சாச்சு, அதுல நான் கோட்ட விடல. ஆனா அந்த எரிச்சல் இருக்கே, நைட்டி பட்டாலே உயிர் போகுது. கூட வேலை பாக்குற அக்கா ஒருத்தங்க, இங்க அயர்லாந்துல கேவன் பக்கத்து கிராமம், "இதுக்கு க்யூர் வச்சிருக்கவர் ஒருத்தர் இருக்கார், போயிட்டு வா"ன்னாங்க. இங்க அப்படித்தான் சொல்லுவாங்க, ஒருத்தர்ட்ட படர்தாமரைக்கு க்யூர் இருக்கும், இன்னொருத்தர்ட்ட மருவுக்கு. ஏழாவது மகனுக்குப் பொறந்த ஏழாவது மகன்னா கைராசி அதிகம். அப்பா மொகமே பாக்காத புள்ள வாயில ஊதினா கைக்குழந்தையோட வாய்ப்புண் ஆறிடுமாம். குளத்துல பல்லி மாதிரி ஒண்ணு இருக்குமே, அத நக்கினவன் நாக்கு பட்டா தீக்காயம் ஆறுமாம், எனக்கு நெனச்சாலே கொமட்டுது.

போனோம். தொழுவத்துலேருந்து அப்படியே ரப்பர் பூட்ஸோட வந்தார் பெரியவர், கைய கழுவிட்டு, சிவந்த எடத்த சுத்தி விரல ஓட்டி வாய்க்குள்ளயே ஏதோ செபம் சொன்னார். மூணு தடவ வரணும்னார், காசு வாங்கல. ஊர்ல ஆச்சிக்கு வேளார் காவி கொழச்சு அக்கி எழுதினாரே, அதான் ஞாபகம் வந்துச்சு.

சும்மா மூடநம்பிக்கைன்னு தள்ளாத. எல்லை தாண்டினா வட அயர்லாந்து, அங்க ஃபெர்மனால போஹோன்னு ஒரு ஊரு, கூப்பிடுறது "போ". 1815ல செத்துப்போன மெக்கிர்ங்கிற பாதிரியாரோட கல்லறை மண்ண, நோவு தீரணும்னு கொஞ்சூண்டு எடுத்து துணியில முடிஞ்சு தலகாணிக்கு அடில வச்சுக்குவாங்க, நாலு நாளுக்குள்ள திருப்பி கொண்டுபோய் போட்டுடணும். அந்த ஊர் மண்ணுலேருந்துதான் ஸ்வான்சீ யுனிவர்சிட்டிக்காரங்க புதுசா ஒரு ஸ்ட்ரெப்டோமைசஸ் பாக்டீரியா கண்டுபிடிச்சதா 2018ல சேதி வந்துச்சு, லேப்ல அது எம்.ஆர்.எஸ்.ஏங்கிற, பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியையே வளர விடலையாம். எம்.ஆர்.எஸ்.ஏ-ன்னா எங்க வார்டே நடுங்கும். அதுக்காக தலகாணி வைத்தியம் பலிக்கும்னு ஆயிடாது, அது வேற கதை.

மூணாவது தடவ போறப்போ கொப்புளம் காஞ்சிருந்துச்சு. மாத்திரையா, பெரியவரா, தானா ஆறினதா, என்ட்ட கேக்காத. ஆனா மொத தடவ போயிட்டு வந்த ராத்திரியே நல்லா தூங்கினேன்.

ஒண்ணு மட்டும்தான் பிரச்சன. க்யூருக்கு தேங்க்ஸ் சொல்லிட்டா பலிக்காதுன்னு அந்த அக்கா படிச்சு படிச்சு சொன்னாங்க, நான் வாய இறுக்கி மூடிக்கிட்டு தலைய மட்டும் ஆட்டிட்டு வரேன், பின்னாடி உங்கப்பா வாசல்ல நின்னு "தேங்க் யூ வெரி மச் சார்"னு கை குடுத்துக்கிட்டு இருக்கார். இன்னும் லேசா அரிக்குது பாப்பா, அவராலதான்.

அம்மா